முயல் துலுக்கவில்லை

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, பல வருடங்களாகத் தள்ளிப் போட்டு வந்திருக்கிறேன். காகிதம் எடுத்து உட்காருவேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கோயில் கமிட்டிக்கு வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்துப் பழக்கம் உண்டு. ஆகவே எழுத்து வராமல் இல்லை. நான் எழுத நினைத்த அம்மாள், யாரிடமும் எதையும் கேட்காமல் செய்யாதவர். அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி எழுதலாமா என்றுதான் தயங்கினேன். அவர் இருந்தபோது கேட்க வெட்கமாக இருந்தது. இப்போது அவரும் இல்லை, அவர் வீட்டுக்காரரும் இல்லை. போன கார்த்திகைக்கு விளக்கு வைத்துக் கும்பிட்டு நிற்கும்போது, எழுது, பேரை மட்டும் விட்டுவிடு என்று மனதில் பட்டது. அது முருகன் சொன்னதா, என் ஆசை சொன்னதா, தெரியாது. எப்படியும் பேரை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே அவர்கள் வீடு. எங்களுக்கு அவர் மேக்கால ஊட்டு அக்கா. அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவு அப்படியொன்றும் நெருக்கமில்லை. வேலி நெருக்கம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லையில் இருக்கிற எங்கள் மீனாட்சிபுரத்தைச் சுற்றிக் கறவை மாடு இல்லாத வீடு குறைவு. விடிவதற்குள் கறந்து, வண்டி வருவதற்குள் பால் சொசைட்டியில் ஊற்றிவிட வேண்டும். அக்கா வீட்டுப் பால்தான் கடைசியாக வந்து சேரும். கட்டுத்தரைக்குள் போனதும் மாட்டின் பின்சப்பையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். மாடு தானாகப் பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கும். வைத்தால்தான் உட்காருவார். சில நாள் போய் நின்றதுமே வைத்துவிடும். சில நாள் மாட்டுக்கு என்ன யோசனையோ, அசையாது. அக்காவும் அசைய மாட்டார். சொசைட்டியில் பால் அளக்கிறவர், "உங்க மாட்டுக்கு மனசு எளகறதுக்குள்ள வண்டி போயிருமுங்க அக்கா" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே தூக்குப்போசியை நீட்டுவார். பாலின் தரத்தில் அளக்கிறவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

எங்கள் கறிவேப்பிலைச் செடி வேலியோரத்தில், பாதி அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அதில் ஒரு கொத்துக் கிள்ள என் மனைவியைக் கூப்பிடுவார். தினமும் கூப்பிடுவார். "செடியவே எடுத்துக்கோங்கக்கா, கரைச்ச மாவோட என்னைய ஓட வைக்காதீங்க" என்று இவள் சொல்லிப் பார்த்தாள். மறுநாளும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கைக்குழந்தைகளிடமும் அப்படித்தான். எங்கள் மூத்தவன் பிறந்து எட்டொன்பது மாதம் வரை யாரிடமும் போக மாட்டான். எல்லோரும் வாரித் தூக்குவார்கள், அவன் வீல் என்று கத்துவான். அக்கா அவன் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவன் பார்ப்பான். வேறு பக்கம் பார்ப்பான். மறுபடி பார்ப்பான். பிறகு கையைத் தூக்குவான். எங்கள் வீட்டில் அவன் அழாமல் போன ஒரே மடி அவருடையது.

மாமா இதற்கு நேர் எதிர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் சாவு விழுந்தால் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். ஆனால் கேட்கிற வழக்கம் கிடையாது. ஒரு தடவை எங்கள் கிணற்று மோட்டார் ஓடாமல் நின்றுவிட்டது. நான் பக்கத்துச் சித்தூர் வரை போய்விட்டு வந்து பார்த்தால் மோட்டாரைக் காணோம். களவு போய்விட்டதென்று நானும் என் மனைவியும் பதறி, ஊரையே கூட்டிவிட்டோம். மாமா அதைக் கழற்றி, வண்டியில் போட்டு, பொள்ளாச்சிக்குக் கொண்டு போய் ரிப்பேர் செய்து, சாயங்காலம் திரும்பி வந்தார். "நின்னு போச்சுன்னு தெரியுது, அப்பறம் கேக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். அவரிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அக்காவின் குணத்தை நான் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது பொய்யாகும். அவர்கள் வீட்டுச் செவலைப் பசு ஒரு தடவை கன்று போட முடியாமல் தவித்தது. மிருகாசுபத்திரியிலிருந்து வந்த ஆள் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு நின்றார். பசு உதைத்தது. அக்கா அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்க, அது நின்று கொடுக்கட்டும் என்றார். பொறுத்தார்கள். பிறகு கன்று செத்து வெளியே வந்தது. முன்னாலேயே உள்ளே கையை விட்டிருந்தாலும் பிழைத்திருக்காது என்று அந்த ஆள் சொன்னார். மாமா அதை நம்பவில்லை. நானும் அன்றைக்கு நம்பவில்லை. கேட்டுக்கொண்டே நிற்பது சில சமயம் கை கட்டி நிற்பதாகவும் ஆகிவிடுகிறது. அக்கா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் விடியற்காலை பார்க்கிறேன், அதே செவலையின் சப்பையில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

முயல் வந்தது ஒரு மாரியம்மன் நோம்பியில். கோயிலுக்கு வெளியே வளையல் கடை, பலூன் கடைகளுக்கு நடுவில் ஒருவன் முயல் விளையாட்டுப் போட்டிருந்தான். வட்டமாகச் சின்னச் சின்ன மரப்பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். நடுவில் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் முயல். கூடையைத் தூக்கியதும் அது எந்தப் பெட்டிக்குள் ஓடுகிறதோ அந்த நம்பர்க்காரருக்குச் சோப்போ சீப்போ கிடைக்கும். அன்றைக்குக் கூடையைத் தூக்கினால் முயல் ஓடவில்லை. நடுவில் உட்கார்ந்துகொண்டது. கூட்டம் கூவியது. அவன் ஒரு குச்சியால் குத்தினான். அது காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சின்னதானது. வெள்ளை முயல்தான், ஆனால் வயதாகி வெண்மை பழுப்பேறியிருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. நகம் வளர்ந்து வளைந்து கிடந்தது.

அக்கா சின்ன மகளுக்கு வளையல் வாங்க வந்தவர், அங்கே நின்றுவிட்டார். இது ஏன் ஓடவில்லை என்று கேட்டார்.

"பழசாயிருச்சுங்க. எத்தனை வருசந்தான் ஓடும்? நாளைக்குக் கொழம்புதான்" என்றான் அவன்.

அக்கா பெட்டிகளைத் தாண்டி வட்டத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, முந்தானையை விரித்தார். ஜனங்கள் சிரித்தார்கள். எந்த நம்பர் மேல் கட்டியிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவர் அது காதில் விழாதது போல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாமி புறப்பாட்டுக்கு மேளம் தொடங்கிவிட்டது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் முயல் எழுந்து, மெல்ல வந்து, முந்தானையின் ஓரத்தை மோந்து பார்த்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. கடைக்காரனுக்கு ஒரு படி நிலக்கடலை கொடுத்துவிட்டு அக்கா அதை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அம்மன் சந்நிதியில் கிடைத்தது என்று என் மனைவி அதற்குத் திருநீறு வைத்துவிட்டாள்.

நகத்தை வெட்டி, அருகம்புல்லும் முருங்கைக் கீரையும் போட்டு ஒரு மாதம் பார்த்ததில் முயல் தேறிவிட்டது. தேறியதுதான் தொந்தரவு. அது கடா முயல். வயதானாலும் புத்தி மாறவில்லை. வீட்டு மூலை முடுக்கெல்லாம் சிறுநீர் பீச்சும். சாமிப் படத்துக்குக் கீழேயும் பீச்சியது. உறுமிக்கொண்டு காலைச் சுற்றிச் சுற்றி வரும். மாமாவின் கால் கட்டை விரலைக் கடித்துவிட்டது. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்காக ஒரு பெட்டை முயல் வளர்த்தோம். வேலிக்கடியில் பள்ளம் பறித்து வந்து சேர்ந்துவிட்டது. குட்டிகள் பிறந்தன, பாதியைப் பூனை தின்றது. மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்று தவிப்பதற்குள் மறுபடியும் பள்ளம், மறுபடியும் குட்டிகள். அந்த இரண்டாவது ஈற்றில் எங்கள் பெட்டை செத்துப்போனது. பிள்ளைகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அக்கா வந்து எங்கள் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டபோது என் மனைவி பதில் சொல்லாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

அப்போதுதான் மாமா பேச்சை எடுத்தார். காளைக்குக் காயடிக்கிறோம், கடாக்குட்டிக்குக் காயடிக்கிறோம், இதற்கு மட்டும் என்ன என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர்களுடைய மூத்த மகள், உடுமலைப் பக்கம் கட்டிக் கொடுத்தவள், இரண்டாவது பேறுகாலத்துக்கு மாசியில் வருவதாக இருந்தது. பச்சைக் குழந்தை கிடக்கிற வீட்டில் இது இப்படி அசுத்தம் பண்ணிக்கொண்டும் கடித்துக்கொண்டும் திரிய முடியாது. மாமா கடைசியாகச் சொல்லிவிட்டார்: புள்ள வர்றதுக்குள்ள ஒன்று அதற்குக் காய் அறுக்க வேண்டும், இல்லையென்றால் அது சந்தைக்குப் போக வேண்டும். சந்தைக்குப் போகிற முயல் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மிருகாசுபத்திரியில் அப்போது ஒரு மலையாளி டாக்டர், சின்ன வயசு. முயலின் பல்லையும் கண்ணையும் பார்த்தார். ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார்.

"செய்யலாம் அம்மா. செஞ்சா சாந்தமாயிரும், கொஞ்ச வருசம் கூடுதலாவும் இருக்கும். பட்சே இதுக்கு வயசாயி. மயக்கம் கொடுத்தா பின்னே முழிக்கும்னு ஞான் வாக்குத் தர மாட்டேன். முயலுக்கு இதுவரைக்கும் செஞ்சதில்லா. படிக்கிறப்போ பார்த்திருக்கேன், அவ்வளவுதான்."

அக்கா வலிக்குமா என்று கேட்டார். எழுந்த பிறகு வலிக்கும் என்றார் டாக்டர். சரி, கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றார் அக்கா. வீட்டுக்காரரைக் கேட்கப் போகிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டு தலையாட்டினார். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா கேட்க நினைத்தது முயலை. எங்கள் பக்கம் கருப்பராயனுக்குக் கடா வெட்டுவதென்றால், வெட்டுவதற்கு முன்னால் அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதற்குத் துலுக்குவது என்று பேர். துலுக்கினால் ஆட்டுக்கும் சம்மதம், சாமிக்கும் சம்மதம். துலுக்காத ஆட்டை வெட்டக் கூடாது. அவசரக்காரர்கள் காதுக்குள் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள், எந்த ஆடும் உதறிவிடும். அக்கா கடா வெட்டு நடக்கிற பக்கமே போகாதவர். ஆனால் சம்மதம் கேட்க அவருக்குத் தெரிந்து ஊரில் இருந்த முறை அது ஒன்றுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முயலைக் கூடையில் வைத்துக் கருப்பராயன் கோயிலுக்குக் கொண்டு வந்தார். மாமா, நான், என் மனைவி, போகிற வழியில் சேர்ந்துகொண்ட நாலைந்து பேர். பூசாரிக்கு முதலில் விஷயம் புரியவில்லை. புரிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்க தாத்தன் காலத்துல இருந்து இங்க பூசை பண்றமுங்க. மொசலுக்குத் துலுக்குக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை. நாளைக்குக் கோழிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் அய்யன்கிட்ட வருவீங்களாட்ட இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சொசைட்டிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்திருந்த காலம் அது. அந்தப் பேச்சு எங்கே போனாலும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தெளிச்சுக் குடுங்க சாமி. காதுல மட்டும் ஊத்தாதீங்க" என்றார்.

பூசாரி தெளித்தார். முயல் உறைந்து போயிற்று. எப்போதும் துடித்துக்கொண்டிருக்கிற அதன் மூக்குகூட நின்றுவிட்டது. முதுகு மயிரில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, பிறகு வழிந்தது. மறுபடி தெளித்தார். கல்லாட்டம் இருந்தது. எனக்குக் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டது. அய்யனே, இது ஒரு சின்ன ஜீவன், எதையாவது காட்டு என்று வேண்டினேன். அய்யன் ஒன்றும் காட்டவில்லை. வெயில் ஏறியது. வந்தவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் முயல் மெல்ல நகர்ந்து அக்காவின் மடிக்குப் போய், முன்னங்கால் இரண்டாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அதுவும் துலுக்குதானே என்று யாரோ சொன்னார். பூசாரி, துலுக்கு என்றால் துலுக்கு, மூஞ்சி கழுவுவது துலுக்கில் சேராது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

மாமா அதுவரை பொறுமையாக நின்றவர், பக்கத்தில் வந்தார். சத்தம் போடவில்லை.

"ஏம்புள்ள, அதுக்குத் துலுக்கத் தெரியாது. அது ஆடில்லை. பயந்தா அப்படியே உக்காந்துக்கற சாதி. அதுகிட்டப் போயி நாம ஆட்டு முறையில கேட்டா அது என்ன சொல்லும்?"

எனக்கு அது சரியாகப் பட்டது. இன்றைக்கும் சரியாகத்தான் படுகிறது. அக்கா முயலின் முதுகை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லத் தெரியலீன்னா சம்மதம்னு ஆயிருமாங்க?" என்றார்.

மாமா கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

அதன் பிறகு அக்கா முயலைக் கட்டுத்தரையின் ஒரு மூலையில் தட்டி கட்டி அடைத்து வைத்தார். அது தட்டியைக் கடித்து வெளியே வந்தது. மறுபடி கட்டினார். சந்தை நாள் வரும்போதெல்லாம் முயலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் தைப்பூசத்துக்கு வழக்கம் போல் காவடியோடு பழனிக்கு நடந்து போய்விட்டேன். அந்த நாட்களில்தான் அக்கா மூத்த மகளைக் கூட்டிவர உடுமலைக்குப் போயிருக்கிறார். மாமா கறவையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தார். நான் திரும்பி வந்து பஞ்சாமிர்தம் கொடுக்கப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அக்கா கிளம்பிய மறுநாளே மாமா முயலைக் கூடையில் வைத்து, சைக்கிளில் கட்டி, டாக்டரிடம் கொண்டு போயிருக்கிறார்.

முயல் பிழைத்துவிட்டது. அதை எழுதும்போது மாமாவுக்குச் சேர வேண்டியதையும் எழுதிவிட வேண்டும். சூடு விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். மாமா அதைச் சாக்கில் பொதிந்து, தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். தையலைக் கடிக்காமல் இருக்கத் துணியைச் சுற்றி, கொத்துமல்லித் தழையை ஒவ்வொன்றாக வாயில் ஊட்டியிருக்கிறார். நான் போனபோது அது வைக்கோலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. மாமா மலர்ந்த முகத்தோடு, "பாருங்க மாப்ளை, என்ன ஆயிப்போச்சு? இதுக்குப் போயி சாமியக் கூப்புட்டு, பூசாரியக் கூப்புட்டு" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா மகளோடு வந்து இறங்கினார். என் மனைவியும் நானும் அங்கேதான் இருந்தோம். மாமா அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கட்டுத்தரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார். தொடவில்லை. நிறைமாத வயிற்றோடு மகள் திண்டில் உட்கார்ந்து, அப்பா பண்ணியது நல்லதுதான் என்றாள். என் மனைவியும் ஆமாம் என்றாள். எங்கள் பெட்டை முயலை நினைத்துச் சொல்லியிருப்பாள்.

அக்கா நிமிர்ந்தார். "நல்லபடியாத்தான் முடிஞ்சிருக்குது. இல்லைன்னு சொல்லலை" என்றார். பிறகு, அதே குரலில், மாட்டுக்குத் தீவனம் போட்டாயிற்றா என்று கேட்கிற மாதிரி, சொன்னார்:

"சின்னவ பொறந்தன்னைக்கு எனக்கும் இப்படி நல்லபடியாத்தான் முடிஞ்சுது. கண்ணு முழிச்சப்பதான் சொன்னாங்க, இனி உனக்குப் புள்ளை இல்லைன்னு. கையெழுத்து நீங்க போட்டிருந்தீங்க. கேட்டிருந்தா வேணும்ன்னு சொல்லியிருப்பனா, போதும்ன்னு சொல்லியிருப்பனா, எனக்கே தெரியலை. ஆருங் கேக்கலை."

மாமா கையிலிருந்த கொத்துமல்லித் தழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து வருடத்துக்கு மேல் ஆன விஷயம். அவர் அதைத் தப்பு என்று நினைத்தே இருந்திருக்க மாட்டார். மனைவிக்கு உடம்பு மோசமாயிருந்தது, டாக்டர் சொன்னார், போட்டார். மோட்டாரைக் கழற்றிக் கொண்டு போன மாதிரிதான். அக்கா உள்ளே போய் மகளுக்குத் தண்ணீர் காய வைத்தார். அன்றும் மறுநாளும் அந்த வீட்டில் சண்டை எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முயல் ஒரு மாதத்தில் சாந்தமாகிவிட்டது. பீச்சுவதில்லை, கடிப்பதில்லை. மாமா பின்னாலேயே சுற்றும். அவர் சாப்பிட உட்கார்ந்தால் வேட்டி நுனியில் படுத்துக்கொள்ளும். அக்கா வேளாவேளைக்குத் தீனி வைத்தார். முந்தானையை விரித்து உட்கார்ந்து நான் பிறகு பார்க்கவில்லை.

மாசியில் மகளுக்கு வலி கண்டது. என் வண்டியில்தான் ஆசுபத்திரிக்குப் போனோம். மருமகனுக்கு ஆள் அனுப்பி அவரும் வந்து சேர்ந்தார். அம்மன் புண்ணியத்தில் சுகப்பிரசவம். முதலாவது பையன், இது பெண். மகள் அசந்து தூங்கினாள். அக்கா அவள் பக்கத்தில் உள்ளே இருந்தார். மாமாவும் மருமகனும் நானும் வெளியே பெஞ்சில். சாயங்காலம் சிஸ்டர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"ரெண்டாவதல்லே? நாளைக்கு டாக்டர் உண்டு. ஆபரேஷன் செஞ்சிட்டே வீட்டுக்குப் போகலாம். பர்த்தாவு ஒப்பு இட்டா மதி" என்றார். புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

மருமகன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாமா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"அவளைக் கேட்டீங்களா?"

"தூங்கறாளுங்க மாமா. நானும் எங்கம்மாவும் அன்னைக்கே பேசி முடிவு பண்ணிட்டமுங்க."

"அது செரி. அவளைக் கேட்டீங்களா?"

மருமகன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சிஸ்டர், பிறகு சொல்லிக்கொள்ளலாமே, எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்றார். மாமா அவரிடம் கோபப்படவில்லை. மருமகன் விரல்களுக்கிடையிலிருந்து பேனாவை உருவித் தன் பையில் குத்திக்கொண்டார். அதைக் கேட்டு எடுக்கவில்லை.

"எந்திரிக்கட்டும். எந்திரிச்சு, கஞ்சி குடிச்சு, தெளிஞ்ச பொறவு கேளுங்க. அவ சொல்றதைக் கேட்டுட்டு அப்பறம் போடுங்க" என்றார்.

இரவு முழுக்க அந்தப் பெஞ்சிலேயே இருந்தார். மறுநாள் நான் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தபோது மகள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். கட்டிய நாளிலிருந்து அவளிடம் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவையோ என்னவோ, வார்த்தை தடுமாறியது. மகள் குழந்தையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அக்கா ஒன்றும் காட்டவில்லை. குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மகள் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கும் போதுமுங்க. பண்ணிக்கறேன்" என்றாள்.

மருமகன் வெளியே வந்து, "இதுக்கா மாமா ஒரு ராத்திரி?" என்றார்.

"இதுக்குத்தானுங்க" என்று மாமா பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா என் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கினார். வழக்கமாக, காப்பி ஊத்தட்டுங்களா என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் டம்ளரையே எடுப்பார். அன்றைக்குக் கேட்கவில்லை. ஊற்றி, ஆற்றி, மாமாவின் கையைப் பிடித்து அதில் டம்ளரை வைத்தார். அவர் அதைக் குடித்தார்.

இதுதான் நடந்தது. எங்கள் ஊரில் இது இப்போது வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. முயல் மனுஷன் மாதிரித் தலையை ஆட்டி மாட்டேன் என்றதாம், கருப்பராயன் அருள் வந்து பேசினாராம். நான் அய்யனைக் கும்பிடுகிறவன். அவர் செய்யாததை அவர் பேரில் எழுத எனக்குப் பயம். அறுத்ததால் முயல் செத்தது என்கிறவர்களும் உண்டு. அது இரண்டு மழைக்காலம் நன்றாக இருந்து, ஒருநாள் வைக்கோலில் தூக்கத்திலேயே போனது. மாமாதான் குழி தோண்டினார்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொல்வதானால், கூட்டாமல் குறைக்காமல் இருக்கிறபடியே சொல்லுங்கள். முயல் துலுக்கவில்லை. அறுத்த பிறகு அது நன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை விட்டால் யாராவது ஒருவருக்கு அநியாயம் ஆகிவிடும்.